பிள்ளை நடக்கட்டும் என்று காத்திருக்கலாமா?

“ஆம்பளப் பிள்ளை கொஞ்சம் மெதுவாத்தான் நடக்கும்”, “அவங்க அப்பாவும் ரெண்டு வயசுலதான் எழுந்து நின்னான்”, “குண்டுப் பிள்ளை, அதான் இன்னும் புரளல.” குழந்தைக்குத் தலை நிற்கவில்லை, உட்கார வரவில்லை என்று ஒரு தாய் முதன்முதலாகக் கவலைப்படும்போது வீட்டிலும் தெருவிலும் கிடைக்கும் பதில்கள் இவை. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வாக்கு பலித்தும்விடுகிறது. ஆனால், மூளையில் ஏற்பட்ட காயத்தால் உடலியக்கம் பாதிக்கப்படும் மூளை முடக்குவாதம் போன்ற பாதிப்புள்ள குழந்தை இந்த ஆறுதல் பேச்சில் இழக்கும் மாதங்களைப் பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது.

மூளை முடக்குவாதம் உள்ள 657 குழந்தைகளின் இயக்க வளர்ச்சியைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். இக்குழந்தைகள் உட்காருதல், நிற்றல், நடத்தல் போன்ற திறன்களில் தங்களால் எட்டக்கூடியதில் ஏறக்குறைய 90 சதவீதத்தை 5 வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறார்கள் என்பது அதில் தெரியவந்தது. பாதிப்பு கடுமையாக இருந்தால் அந்த எல்லை இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது. 3 வயதில் அங்கன்வாடிக்கு அனுப்பும்போது கவனித்து, 5 வயதில் பள்ளியில் சேர்க்கும்போது மருத்துவரைத் தேடி, 6 வயதில் பயிற்சி தொடங்கினால் பெரிய வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும்.

குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, விலை உயர்ந்த இயந்திரங்களை நம்பியிருக்கும் மருத்துவம் அல்ல. அதற்குப் பயிற்சி பெற்ற கண்களும் கைகளும் வேண்டும். பொறுமையான குடும்பம் வேண்டும். சரியான நேரத்தில் தொடங்க வேண்டும். முதல் இரண்டும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. மூன்றாவதில்தான் நாம் தொடர்ந்து தவறுகிறோம்.

மாதக் கணக்கு

குழந்தையின் உடலியக்கத்தை மாதவாரியாகக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் அதற்கு ஒரு வரிசையே வகுத்துவைத்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் பருவம். ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கைகொட்டும் பருவம். ஓராண்டை ஒட்டி வருகை: தளர்நடையிட்டு வரும் பருவம். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கால் என்று உடல் மேலிருந்து கீழாக வசப்படும் ஒழுங்கு இந்த வரிசையில் அப்படியே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது 4 மாதம் முதல் 9 மாதம் வரை வேறுபடுகிறது. தானாக நடக்கும் வயது 8 மாதம் முதல் ஏறக்குறைய 18 மாதம் வரை நீள்கிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் தவழாமலேயே நேரடியாக நடக்கவும் செய்கிறார்கள். ஆகவே, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்துவிட்டது என்பதற்காக எந்தத் தாயும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

ஆனால், சில அறிகுறிகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. 4 மாதம் ஆகியும் தலை நிற்காதது. கட்டை விரலை உள்ளே மடக்கி முஷ்டி எப்போதும் இறுகியே இருப்பது. தூக்கி நிறுத்தும்போது கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நுனிக்கால் மட்டும் தரையில் படுவது. உடல் விறைத்தோ, அளவுக்கு மீறித் தொய்ந்தோ கிடப்பது. 9 மாதம் கடந்தும் உட்காராதது. 18 மாதம் கடந்தும் நடக்காதது. ஒரு வயதுக்குள்ளாகவே ஒரு கையை மட்டும் நீட்டி எல்லாவற்றையும் எடுப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிதான். “எம்பிள்ளை இப்பவே வலது கைக்காரன்” என்று வீட்டார் பெருமைப்படுவதுண்டு. அந்த வயதில் எந்தக் குழந்தையும் ஒரு கையை இப்படி ஒதுக்கிவைக்காது. மற்றொரு கை ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்தவுடன் அழாதவர்கள், கடும் மஞ்சள் காமாலை கண்டவர்கள், பிறந்த சில நாட்களில் வலிப்போ மூளைக்காய்ச்சலோ வந்தவர்கள் ஆகியோரின் விஷயத்தில் அறிகுறி தெரியும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அயோனா நோவாக் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூளை முடக்குவாதத்தையோ அதற்கான அதிக வாய்ப்பையோ 6 மாத வயதுக்கு முன்பே கண்டறிய முடியும். 3 மாதம் முதல் 5 மாதத்துக்குள், குழந்தை மல்லாந்து படுத்து அழாமல் விளையாடும்போது அதன் கைகால்கள் தாமாக அசையும் விதத்தைப் பயிற்சி பெற்றவர்கள் கவனிப்பது அதற்கான முக்கிய வழிகளில் ஒன்று. சில நிமிட வீடியோ பதிவே இந்தப் பரிசோதனைக்குப் போதும்.

பிழைக்க வைத்தோம், பிறகு?

இந்தியாவில் இயன்முறை மருத்துவம் வேரூன்றியதில் போலியோவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1950-களின் தொடக்கத்தில், போலியோவால் முடங்கிய குழந்தைகள் பெருகியிருந்த மும்பையில், கே.இ.எம். மருத்துவமனையில்தான் நாட்டின் முதல் இயன்முறை மருத்துவக் கல்விக்கூடம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு முகம் கொடுத்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவர் முயற்சியால் 1966-ல் மறுவாழ்வு நிலையம் உருவானது. நோயிலிருந்து காப்பாற்றுவதோடு மருத்துவம் முடிந்துவிடுவதில்லை, வாழவும் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் நிலைபெற்றதில் அவருக்குப் பங்கு உண்டு.

2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்தது. ஆனால், இயன்முறை சிகிச்சை அறைகள் காலியாகிவிடவில்லை. அங்கு வரும் குழந்தைகள் மாறியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-ல் ஆயிரம் குழந்தைகளுக்குச் சிசு மரணம் இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பிழைத்திருக்கவே முடியாத ஒரு கிலோ எடைக் குழந்தைகளை நம் அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புகின்றன. இது பெருமைக்குரிய சாதனை. அப்படிப் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மூளையில் காயம் ஏற்பட்டிருக்கும் என்பதும் மருத்துவ உண்மை. மூளை முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு அது வருவதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. காப்பாற்றிய கையோடு அந்தக் குழந்தையைப் பின்தொடர வேண்டிய கடமையும் நமக்கு இருக்கிறது.

அந்த அறையில் என்ன நடக்கிறது?

குழந்தைகளுக்கான இயன்முறை சிகிச்சை அறைக்கு முதன்முதலாக வரும் குடும்பத்தார் சிலர் ஏமாந்துபோகிறார்கள். தரையில் மெத்தை விரிப்பு, பெரிய ரப்பர் பந்து, உருளைத் தலையணைகள், குட்டி முக்காலிகள், சுவரில் கண்ணாடி, கைப்பிடிக் கம்பிகள், கொஞ்சம் பொம்மைகள் இவ்வளவுதான் இருக்கும். சிகிச்சை என்ற பெயரில் நடப்பதும் விளையாட்டாகவே தெரியும்.

அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். இடது கையைப் பயன்படுத்தாத, ஒன்றரை வயது மதிக்கத்தக்க ஒரு குழந்தையை முக்காலியில் உட்கார வைக்கிறார் இயன்முறை மருத்துவர். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் படிந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கிறார். குழந்தையின் வலது கையில் ஒரு துணி உறையை மாட்டுகிறார். எதிரே ஒரு கிண்ணத்தில் பொரி. வலது கையால் எடுக்க முடியாமல் குழந்தை சிணுங்குகிறது; அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறது. அம்மாவின் கை தன்னையறியாமல் கிண்ணத்தை நோக்கி நீள்கிறது. “கொஞ்சம் பொறுங்கம்மா” என்று மருத்துவர் தடுக்கிறார். இறுகியிருந்த இடது முஷ்டி மெல்ல அவிழ்ந்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டி நழுவுகிறது. கிண்ணத்தை ஒரு விரற்கடை இடப்புறம் நகர்த்தி வைக்கிறார். மறுபடி முட்டுகிறது, மறுபடி நழுவுகிறது. கடைசியில் உள்ளங்கையில் ஒட்டிய ஒரே ஒரு பொரி வாய்க்குப் போகிறது. அவ்வளவு நேரமும் குழந்தையின் இடது கையை மருத்துவர் தொடவே இல்லை. இடுப்பை மட்டும் லேசாகத் தாங்கியிருந்தார்.

நல்ல கையைச் சிறிது நேரம் கட்டுப்படுத்தி, பலவீனமான கைக்கு வேலை கொடுக்கும் இந்த முறைக்கு அறிவியல் அடித்தளம் அமைத்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு டாப். பயன்படுத்தாத கையை மூளை கைவிட்டுவிடும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் சேதமடையாத பகுதிகள் அந்த வேலையை ஏற்கப் பழகும் என்பது இதன் அடிப்படை. குழந்தையின் மூளை பெரியவர்களின் மூளையைவிட எளிதாக இப்படி மாறக்கூடியது. சீக்கிரம் தொடங்குங்கள் என்று இயன்முறை மருத்துவர்கள் மன்றாடுவதற்கு இதுவே காரணம்.

மூளை முடக்குவாதத்தோடு இந்தத் துறை நின்றுவிடுவதில்லை. பிரசவத்தின்போது தோள்பட்டை நரம்புகள் இழுபட்டுக் கை தொங்கிப்போன குழந்தை, கழுத்து ஒருபக்கம் சாய்ந்தே இருக்கும் குழந்தை, முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்த குழந்தை, தீக்காயத்தால் மூட்டு மடங்கி ஒட்டிக்கொண்ட குழந்தை, சளியை வெளியேற்ற முடியாமல் மூச்சுத் திணறும் குழந்தை என்று பலருக்கும் இந்த அறையில் வேலை இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே பயிற்சி என்பது கிடையாது. தசைச்சிதைவு நோயுள்ள சிறுவனுக்குக் கடும் உடற்பயிற்சி கொடுத்தால் தசை மேலும் சேதமடையக்கூடும். மூட்டு இறுகாமல் பார்ப்பதும், நடக்கும் காலத்தை நீட்டிப்பதும், மூச்சைப் பேணுவதும்தான் அங்கே குறிக்கோள். இது தெரியாமல், “நல்லா ஓட விடுங்க, தெம்பு வந்துடும்” என்று சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

உரிய நேரத்தில் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு வளைபாதம் தெளிவான சாட்சி. ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தை பாதம் உட்புறமாகத் திரும்பிப் பிறக்கிறது. ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறைப்படி, பிறந்த சில வாரங்களிலேயே வாரம் ஒரு மாவுக்கட்டு போட்டுப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடலாம். பெரும்பாலானோருக்கு ஐந்து முதல் ஏழு கட்டுகள் போதும். பலருக்குக் குதிகால் தசைநாரில் ஒரு சின்ன வெட்டு தேவைப்படும். அதன்பின் கம்பியால் இணைத்த காலணிகளை மூன்று மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு நான்கைந்து வயது வரை தூங்கும்போது போட வேண்டும். “பாதம்தான் நேராயிடுச்சே, ராத்திரியில பிள்ளை அழுவுது” என்று காலணியைக் கழற்றி வைத்தால் பாதம் பழையபடி திரும்பிக்கொள்ளும். வளைபாதத்தில் மருத்துவர் செய்வது சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. குடும்பம் செய்வது சில ஆண்டுகள் நீள்கிறது.

குழந்தையே செய்ய வேண்டும்

“கரண்ட் வைக்கலையா சார்?”, “எண்ணெய் போட்டு உருவிவிட்டா நரம்பு இளகாதா?” இயன்முறை மருத்துவர்களிடம் பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்விகள் இவை. தாய் மென்மையாக எண்ணெய் தேய்த்துவிடுவதில் தவறே இல்லை; குழந்தைக்கு அது இதமானது. முரட்டுத்தனமாகக் காலை விரித்து இழுப்பதுதான் ஆபத்து. எப்படி இருந்தாலும், யாரோ கைகாலை அசைத்துவிட, குழந்தை சும்மா படுத்திருக்கும் சிகிச்சையால் நடை வராது. நோவாக் குழுவினர் மூளை முடக்குவாத சிகிச்சைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்து 2013-லும் 2020-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன. தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒன்றைச் செய்து, அதையே பலமுறை பழகும்போதுதான் குழந்தை திறனைப் பெறுகிறது.

ஆகவே, சிகிச்சையின் குறிக்கோளும் குழந்தையின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். “காலுக்குப் பலம் வர வேண்டும்” என்பது பொத்தாம்பொதுவான ஆசை. “வகுப்பறை வாசலிலிருந்து தண்ணீர்க் குடம் வரை நடைக்கருவியைப் பிடித்துக்கொண்டு தானே போக வேண்டும்”, “பந்தியில் சாயாமல் உட்கார்ந்து தன் கையால் சாப்பிட வேண்டும்” என்பவை பயிற்சிக்கு உகந்த குறிக்கோள்கள். அடைந்தோமா இல்லையா என்பதைத் தாயும் மருத்துவரும் சேர்ந்து பார்த்துச் சொல்லிவிடலாம்.

பெற்றோரின் அவசரத்தைக் காசாக்கும் வியாபாரம் ஒன்றும் நடக்கிறது. ஸ்டெம்செல் ஊசி போட்டால் பிள்ளை நடந்துவிடும் என்று லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் கொடுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், சில ரத்தநோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேவைகளைத் தவிர ஸ்டெம்செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகத் தரக் கூடாது என்கிறது. ஆய்வில் சேர்க்கும் நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. மூளை முடக்குவாதத்துக்கு ஊசி போட ஒருவர் பணம் கேட்டால், அவர் அந்த விதியை மீறுகிறார் என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. இயன்முறை சிகிச்சை மூளையில் ஏற்பட்ட காயத்தை ஆற்றாது. எல்லாக் குழந்தைகளும் நடந்துவிடுவதும் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் இயக்கத்திறனை வகைப்படுத்த 1997 முதல் உலகெங்கும் புழக்கத்தில் உள்ள ஐந்துநிலைப் பகுப்பில், முதல் நிலைக் குழந்தை தானாக நடக்கும், ஓடும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையைத் தாங்கிக்கொள்வதே கடினம். ஐந்தாம் நிலைக் குழந்தைக்கும் சிகிச்சை வேண்டும். சரியாக உட்கார வைத்தால் அது பாதுகாப்பாக விழுங்கும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கும், வகுப்பில் மற்றவர்களோடு இருக்கும். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. தொடக்கத்தில் வலியே இருக்காது; எக்ஸ்-ரே எடுத்தால்தான் தெரியும். விலகி முடிந்தபின் தாங்க முடியாத வலியும் பெரிய அறுவை சிகிச்சையும் காத்திருக்கும். நடக்க முடியாத குழந்தைகளுக்கு இந்த எக்ஸ்-ரேயைக் குறித்த இடைவெளிகளில் எடுப்பது கட்டாயமாக வேண்டும்.

வீட்டிலேயே இருக்கிறது பாதி மருந்து

வாரம் இருமுறை அரை மணி நேரம் மருத்துவமனையில் பயிற்சி பெறும் குழந்தை, மீதி நேரமெல்லாம் வீட்டில்தான் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்தத் தாய்க்குக் கற்றுக்கொடுப்பதே நல்ல இயன்முறை மருத்துவரின் முதல் வேலை.

நம் வீடுகளின் பழக்கவழக்கங்கள் இதற்கு வெகுவாக உதவும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரு கால்களும் விரிந்து தாயின் இடுப்பை அணைத்திருக்கும் அந்த நிலை, கால்கள் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு நல்ல பயிற்சி. விறைப்புள்ள குழந்தையைக் கைகளில் நீட்டிக் கிடத்தித் தூக்குவதைவிட இது எவ்வளவோ மேல். வாசல்படியில் பாதம் படிய உட்கார்ந்து எழுவது தொடைத் தசைக்கு வலு தரும். தாயின் மார்பில் குப்புறப் போட்டுப் பேசினால் குழந்தை தலையைத் தூக்கும். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்கச் சொல்வதும் சிகிச்சைதான். தூளி தூக்கத்துக்கு நல்லது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அதிலேயே கிடந்தால் புரளவும் உந்தவும் இடம் இருக்காது. மூன்று சக்கர மரநடைவண்டியைக் குழந்தை தானே நின்று, தள்ளி நடக்க வேண்டும். அதனால் அது பயன்தரும். நடுவில் உட்காரவைத்துத் தரையைக் காலால் உந்தவிடும் வட்டமான வாக்கர் நடை பழக்குவதில்லை. படிகளில் உருண்டு காயம்படவும் காரணமாகிறது. கனடா 2004-லேயே அதன் விற்பனைக்குத் தடை விதித்துவிட்டது. நம் கடைகளில் இன்றும் அது பிறந்தநாள் பரிசாக விற்கிறது.

ஆனால், ‘வீட்டிலேயே செய்யுங்கள்’ என்ற அறிவுரை, ‘எல்லாவற்றையும் அம்மாவே செய்யட்டும்’ என்பதாக முடிந்துவிடக் கூடாது. குழந்தைக்கு இப்படி ஆனதற்குத் தாயைக் குற்றம் சொல்வது, அவர் வேலையை விடுவது, சிகிச்சைக்கு அவர் மட்டுமே அலைவது, கணவர் விலகிப்போவது ஆகியவை இந்தக் குடும்பங்களில் அடிக்கடி நடப்பவை. எட்டு வயதுப் பிள்ளையைத் தோளில் சுமந்து பேருந்தில் ஏறும் தாயின் முதுகும் தேய்கிறது. தந்தையும் தாத்தா, பாட்டியும் பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த இயன்முறை மருத்துவரும் தந்தையையும் ஒருநாள் வரச் சொல்லாமல் வீட்டுப் பயிற்சி எழுதிக் கொடுக்கக் கூடாது.

அரசு இணைக்க வேண்டிய கண்ணிகள்

தமிழ்நாட்டில் கட்டமைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்கின்றன. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையங்களில் இயன்முறை மருத்துவர்கள் மாற்றுத்திறன் மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சென்னையின் வித்யாசாகர் 1985 முதல் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு நிற்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்து வீடு வீடாக அனுப்புகிறது. அவர்கள் கைபேசிச் செயலியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவுசெய்ய, நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். ஒவ்வொரு கிராமத்திலும் நிபுணர் இல்லாவிட்டாலும் நிபுணத்துவம் அங்கே போய்ச் சேர முடியும் என்பதை ஆய்க்குடி காட்டிவிட்டது.

குறை என்னவென்றால், இந்தக் கண்ணிகள் ஒன்றோடொன்று இணையவில்லை. குழந்தை பிறந்தது சுகாதாரத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது. மூன்று வயதில் அங்கன்வாடி. ஐந்து வயதில் பள்ளிக் கல்வித் துறை. அடையாள அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. ஒவ்வொரு வாசலிலும் தாய் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவரின் நேரம் பெரும்பாலும் பக்கவாதம் வந்த முதியவர்களுக்கே போதவில்லை. அதே தெருவில் தலை நிற்காத ஆறு மாதக் குழந்தை இருப்பதை அவருக்கு யாரும் சொல்வதில்லை.

இதைச் சரிசெய்யப் புதிய பெயரில் இன்னொரு திட்டம் வேண்டாம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அந்த வட்டாரத்தின் இயன்முறை மருத்துவருக்குப் போக வேண்டும். 3 மாதம் முதல் 5 மாதத்துக்குள் இயக்கப் பரிசோதனை கட்டாயமாக வேண்டும். அந்த மருத்துவர்களுக்குக் குழந்தைகளுக்கான தனிப் பயிற்சி தர வேண்டும். தொகுப்பூதியத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பணியிடங்களை நிரந்தரமாக்க வேண்டும். ஒரு குழந்தைக்குப் பழகிய கை ஆறு மாதத்தில் மாறிக்கொண்டிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். கால் தாங்கிகளும் நடைக்கருவிகளும் வளரும் குழந்தைக்கு ஒரு முறை கொடுத்தால் போதாது. ஓராண்டில் சிறிதாகிவிடும் தாங்கி காலைப் புண்ணாக்கும். சிகிச்சைக்காக ஒரு நாள் கூலியை இழக்கும் தாய்க்கு அந்தத் தொகையை ஈடுசெய்ய வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் தசைச்சிதைவு நோயையும் பட்டியலில் சேர்த்து, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. உட்காரத் தகுந்த நாற்காலியும் போகத் தகுந்த கழிப்பறையும் அந்தப் பள்ளியில் இல்லாவிட்டால் அந்த உரிமை காகிதத்திலேயே நின்றுவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சந்தேகம் வந்தால் அந்த வாரமே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ மாவட்ட இடையீட்டு மையத்துக்கோ போய்விடுங்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் இழப்பது ஒரு நாள் மட்டும்தான். ஏதோ இருக்கிறது என்று தெரிந்தால், நோய்க்குப் பெயர் சூட்டும்வரைகூடக் காத்திருக்காமல் பயிற்சி தொடங்கலாம். என்ன பெயர் என்பது பிறகு உறுதியாகட்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. ஆபத்தான நிலையில் பிறந்து பிழைத்த ஒவ்வொரு குழந்தையும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஓர் இயன்முறை மருத்துவரின் கண்ணில் பட்டாக வேண்டும். அதற்கான ஆட்களும் அறிவும் முன்மாதிரிகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. குழந்தையைத் தேடி அவர்களை அனுப்பும் உத்தரவுதான் இன்னும் வர வேண்டியிருக்கிறது.